கோடும் ஓர் எழுத்துதான்!

மளிகைக்கடையை மூடி 12 வருஷம் ஆகிவிட்டது. பரணை ஒழித்தபோது ஒரு பழைய பென்டிரைவ் கிடைத்தது. கடைக் கணக்கு மொத்தமும் அதில்தான் இருக்கிறது என்றார் அப்பா. தொண்ணூறுகளில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னிய கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு. கட்டம் கட்டமாக, ரூல் போட்ட பேரேடு மாதிரியே இருக்குமாம்.

மகள் அதை லேப்டாப்பில் செருகி, ஒரு ஃபைலை நோட்பேடில் திறந்தாள்.

"என்னப்பா, கட்டம் கட்டமா இருக்கும்னு சொன்னீங்க. இங்க ஒரே கிறுக்கலா இருக்கு?"

"ஐயய்யோ, ஃபைல் கெட்டுப்போச்சாம்மா?"

கட்டத்தின் மேல்கோடு இருக்க வேண்டிய இடத்தில், தலையில் இரண்டு புள்ளி வைத்த ஆங்கில 'ஏ' வரிசையாக நின்றது. இடது மூலையில் தலைக்கு மேல் கீற்று போட்ட 'யு'. வலது மூலையில் தலைகீழாக ஒரு கேள்விக்குறி. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தொகைக்குப் பின்னாலும் ஒரு குட்டி 3 ஒட்டிக்கொண்டிருந்தது. 450 ரூபாய் பாக்கி, பார்வைக்கு 4503 ஆகிவிட்டது!

உண்மையில் அந்த ஃபைல் கெடவே இல்லை. ஒரு பைட்கூட மாறவில்லை. மாறியது, அதைப் படிக்கும் முறை மட்டும்தான்.

எல்லாம் எண்கள்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை இருக்கும். அதைப் பார்த்துத்தான் திரையில் எழுத்தைக் காட்டுகிறது. பேருந்து நம்பரை வைத்து ஊரைத் தெரிந்துகொள்கிற மாதிரி. ஆனால், ஒரு ஊர் நம்பர் பட்டியலை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதுதான் இந்த ஃபைலுக்கும் ஆனது.

1963-ல் அமெரிக்காவில் வந்த 'ஆஸ்கி' என்ற அட்டவணையில் மொத்தம் 128 இடங்கள். காலி இடைவெளியையும் சேர்த்து, அச்சாகும் குறிகள் 95. ஆங்கில எழுத்துகள், எண்கள், கமா, புள்ளி, கூட்டல், கழித்தல் எல்லாம் உண்டு. கட்டம் போடக் கோடு மட்டும் இல்லை. அதனால் கழித்தல் குறியை வரிசையாக அடித்துப் படுக்கைக் கோடாகவும், கூட்டல் குறியை மூலையாகவும் வைத்துச் சமாளித்தார்கள். இன்றைக்கும் சில கடை பில்களில், மொத்தத் தொகைக்கு மேலும் கீழும் அப்படி ஒரு கழித்தல் குறி வரிசையைப் பார்க்கலாம். அது கோடு மாதிரிதான் இருக்கும், கோடாக இருக்காது. நடுநடுவே இடைவெளி விழும்.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்களை எழுத முடியும். ஆஸ்கி அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. 128 முதல் 255 வரை மீதிப் பாதி காலி. அந்தக் காலி மனைக்குத்தான் பிறகு பெரிய போட்டியே நடந்தது.

40 கோடுகள்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அதன் எழுத்து அட்டவணைக்குப் பிற்பாடு 'கோட் பேஜ் 437' என்று பெயர் வந்தது. மேல்பாதியில் சில ஐரோப்பிய எழுத்துகள், சில கிரேக்க எழுத்துகள், கணக்குக் குறிகள். அவற்றோடு 179 முதல் 218 வரை, மொத்தம் 40 இடங்கள் கோடுகளுக்கு.

படுக்கைக் கோடு ஒன்று ─, நெட்டுக் கோடு ஒன்று │, நான்கு மூலைகள் ┌ ┐ └ ┘, கோடு கிளை பிரியும் இடங்கள் நான்கு ├ ┤ ┬ ┴, நடுவில் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று ┼. ஆக 11. இதே 11 இரட்டைக் கோட்டிலும் உண்டு: ═ ║ ╔ ╗ என்று போகும். மீதி 18 குறிகள், ஒற்றையும் இரட்டையும் சந்திக்கும் இடங்களுக்கு. கோலத்தில் புள்ளிகளைச் சேர்ப்பதுபோல இந்த 40 துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் கட்டத்தையும் போட்டுவிடலாம்.

'கோட்டைப் படமாகவே வரைந்திருக்கலாமே, எதற்கு எழுத்தாக்க வேண்டும்?' என்று தோன்றலாம். காரணம், நினைவகம். ஐபிஎம்மின் ஒற்றை நிறத் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 25 வரிகள். ஆக 2000 எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட், அது பளிச்சென்று தெரிய வேண்டுமா, அடிக்கோடு வேண்டுமா என்று சொல்ல இன்னொரு பைட். 4000 பைட்டில் முழுத் திரையும் முடிந்துவிடும். அதே திரையைப் புள்ளிப் புள்ளியாகப் படமாக வைத்தால், 720-க்கு 350 என்ற கணக்கில் 31,500 பைட் தேவைப்படும். அந்தக் கம்ப்யூட்டரின் அடிப்படை மாடலில் இருந்த மொத்த நினைவகமே 16 கேபிதான்! அதனால் கோட்டையும் ஓர் எழுத்தாக்கிவிட்டார்கள். 'அ' அடிப்பதுபோல மூலையையும் அடிக்கலாம்.

ஒன்பதாவது புள்ளி

அந்த 40 கோடுகளின் வரிசையைப் பார்த்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி இருக்கும். நெட்டுக் கோட்டுக்கு எண் 179. படுக்கைக் கோட்டுக்கு 196. வலது மேல்மூலைக்கு 191. இடது மேல்மூலைக்கு 218. ஒரு பெட்டியின் நான்கு மூலைகளும் நான்கு திசையில் கிடக்கின்றன. ஆனால், அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

அந்த ஒற்றை நிறத் திரையில் ஓர் எழுத்துக்கான இடம் 9 புள்ளி அகலம். எழுத்தின் வடிவமோ 8 புள்ளிதான். ஒன்பதாவது புள்ளியைக் காலியாக விட்டால்தான் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் படிக்க வசதியாக இருக்கும். ஆனால், கோட்டுக்கு அதே இடைவெளி எமன். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் கோடு அறுந்துவிடும்.

அதற்கு ஓர் எளிய விதி வைத்தார்கள். எண் 192 முதல் 223 வரை உள்ள குறிகளுக்கு மட்டும், எட்டாவது புள்ளியில் என்ன இருக்கிறதோ அதையே ஒன்பதாவதிலும் போடு என்று வன்பொருளிலேயே சொல்லிவிட்டார்கள். இப்போது பட்டியலைத் திரும்பப் பாருங்கள். வலப்பக்கம் நீண்டு அடுத்த எழுத்தைத் தொட வேண்டிய கோடுகள் அத்தனையும் 192-லோ அதற்கு மேலோதான் இருக்கும். 179 முதல் 191 வரை இருப்பவற்றில் ஒன்றுகூட வலப்பக்கம் நீளாது. குலுக்கல் இல்லை, ஒரே ஒரு புள்ளிக்காகப் போட்ட வரிசை.

இந்தக் கோடுகளை வைத்துத்தான் டாஸ் காலத்து உலகமே கட்டப்பட்டது. பொறியியல் கல்லூரி லேபில் 'டர்போ சி' நீலத் திரையைப் பார்த்தவர்களுக்கு அந்த இரட்டைக் கோட்டுச் சட்டம் மறந்திருக்காது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது டெலிட் பட்டனை அழுத்தினால் வந்த செட்டிங்ஸ் திரையிலும் பெரும்பாலும் இதே மாதிரிக் கோடுகள்தான்.

எழுத்தையே கோடாக்கிய வழி

ஐபிஎம்முக்கு முன்பே இன்னொரு வழியும் இருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த 'விடி 100' என்ற டெர்மினலில், கோட்டுக்குத் தனி எண் கிடையாது. 'இனி வருவதை எல்லாம் கோடாக வாசி' என்று முதலில் ஒரு கட்டளை போகும். அதற்குப் பிறகு ஆங்கிலச் சின்ன எழுத்து 'கியூ' வந்தால் படுக்கைக் கோடு, 'எக்ஸ்' வந்தால் நெட்டுக் கோடு, 'எல்' வந்தால் இடது மேல்மூலை, 'கே' வந்தால் வலது மேல்மூலை. வேலை முடிந்ததும் 'பழையபடி எழுத்தாக வாசி' என்று இன்னொரு கட்டளை.

முதல் கட்டளை வழியில் தொலைந்தால், அழகான பெட்டிக்குப் பதிலாக 'எல் கியூ கியூ கியூ கே' என்று திரை முழுக்க எழுத்து வரும். இரண்டாவது கட்டளை தொலைந்தால் இன்னும் கூத்து. சாதாரண வாக்கியங்களே கோடும் மூலையுமாக மாறிவிடும். இன்றைய லினக்ஸ் டெர்மினல்களிலும் இந்தப் பழைய வழி உயிரோடு இருக்கிறது. படிக்கக் கூடாத ஃபைலைத் தெரியாமல் திறந்து, திரை கிறுக்கலாகிப்போன அனுபவம் பலருக்கு உண்டு.

கோடா, எழுத்தா?

ஐபிஎம் கம்ப்யூட்டர் உலகம் முழுக்கப் பரவியபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. மேல்பாதியில் இருப்பது 128 நாற்காலிகள். அதில் 40-ல் கோடுகள் உட்கார்ந்திருக்கின்றன. தங்கள் மொழி எழுத்துகளுக்கு இடம் எங்கே என்று ஒவ்வொரு நாடும் கேட்டது.

மேற்கு ஐரோப்பாவுக்காக வந்த 'கோட் பேஜ் 850' கோடுகளை எழுப்பிவிட்டது. ஒற்றையும் இரட்டையும் கலந்த அந்த 18 குறிகளை நீக்கி, அந்த இடங்களில் போர்ச்சுக்கீசிய, ஐஸ்லாந்து எழுத்துகளையும் வேறு சில குறிகளையும் உட்காரவைத்தது. அதனால், கலப்புக் கோடுகளை நம்பிய புரோகிராம்களை அந்த நாடுகளில் ஓட்டினால், பெட்டியின் இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் எழுத்து எட்டிப் பார்க்கும்.

ரஷ்யாவில் நடந்தது நேர்மாறு. அங்கே பயன்பட்ட 'கோட் பேஜ் 866', கோடுகளை இருந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டது. அதற்குப் பதில், ரஷ்ய மொழியின் சின்ன எழுத்து வரிசையை நடுவில் வெட்டியது. முதல் 16 எழுத்துகள் 160 முதல் 175 வரை. அடுத்த 16 எழுத்துகள், கோடுகளை எல்லாம் தாண்டி 224 முதல் 239 வரை. அமெரிக்காவிலிருந்து வரும் புரோகிராம்களின் பெட்டிகள் உடையாமல் இருக்க, ஒரு மொழியின் அகரவரிசையே விலகி வழிவிட்டது!

இந்தியாவுக்கும் இந்த நாற்காலிச் சண்டை புதிதல்ல. 1991-ல் இந்திய மொழிகளுக்காக வந்த 'இஸ்கி' தர நிர்ணயமும் 161-லிருந்து தொடங்கி இதே மேல்பாதியில்தான் எழுத்துகளை வைத்தது. பின்னால் இணையம் வந்த புதிதில் புழங்கிய திஸ்கி, 1999-ல் தமிழக அரசு அறிவித்த டாப் போன்ற தமிழ்க் குறியீடுகளும் அங்கேதான் குடியேறின. ஐபிஎம் அட்டவணையில் கோடாக இருந்த எண், இன்னொன்றில் தமிழ் எழுத்து, வேறொன்றில் புள்ளி வைத்த 'ஏ'. ஒருவர் தமிழில் அனுப்பிய மெயில், அந்த ஃபான்ட் இல்லாத இன்னொருவருக்குக் கிறுக்கலாகப் போய்ச் சேர்ந்த காலம் அது. அப்பாவின் மளிகைக் கணக்குக்கு நேர்ந்ததும், அன்றைய தமிழ்க் கடிதங்களுக்கு நேர்ந்ததும் ஒரே விபத்துதான்.

எல்லோருக்கும் இடம்

இந்தச் சண்டையை முடித்துவைத்தது யூனிகோட். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பு, நாற்காலியைப் பங்கு போடாமல் மண்டபத்தையே பெரிதாகக் கட்டியது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண். அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். கோடுகளுக்கு 9472 முதல் 9599 வரை, அதுவும் 128 இடங்கள். பழைய 40 கோடுகளோடு தடித்த கோடு, விட்டுவிட்டு வரும் கோடு, மூலையில் வளையும் கோடு எல்லாம் சேர்ந்து 128 இடமும் நிரம்பிவிட்டன. இனி 'அ' என்றால் 2949தான். படுக்கைக் கோடு என்றால் 9472தான். ஒன்றுக்காக இன்னொன்று எழுந்திருக்கத் தேவையில்லை.

பழையதை மறக்கவும் இல்லை. 2020-ல் வந்த பதிப்பில், பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் படக் குறியீடுகளுக்கு என்றே ஒரு தனிப் பகுதி சேர்த்தார்கள்.

ஆனாலும் தப்பான அட்டவணையை வைத்துப் படிக்கும் தொல்லை முழுக்கப் போகவில்லை. இன்று பெரும்பாலும் புழங்கும் 'யூடிஎஃப்-8' முறையில் 'அ' என்ற எழுத்து மூன்று பைட். ஒரு கோடும் மூன்று பைட். அதைப் பழைய அட்டவணையில் படித்தால் ஒவ்வொன்றும் மூன்று மூன்று கிறுக்கலாக விரியும். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில், கீற்று போட்ட 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம், அது தப்பாகப் படிக்கப்பட்ட தமிழ்.

இன்னொரு குறையும் மிச்சம் இருக்கிறது. கோடுகள் பொருந்த வேண்டும் என்றால் எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அப்படிப்பட்ட ஃபான்ட்கள் ஏராளம். தமிழில் 'ர' ஒல்லி, 'ணை' குண்டு. அதனால் இந்தப் பெட்டிக்குள் தமிழை அடைத்தால் வலது ஓரக் கோடு வரிக்கு வரி தள்ளாடும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு முன்னும் பின்னும் மூன்று 'பேக்டிக்' குறி போட்டால் எழுத்துகள் ஒரே அகலத்துக்கு மாறும். அதில் எண்களை வைத்துக் கட்டம் போட்டால் கச்சிதமாக நிற்கும். தமிழ்ப் பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தொடாதே, திருத்தாதே!

பழைய ஃபைலைத் திறந்ததும் கிறுக்கல் வந்தால் பலரும் செய்யும் முதல் காரியம், குப்பையாகத் தெரிவதை எல்லாம் அழித்துவிட்டு சேவ் செய்வது. அதுதான் உண்மையான ஆபத்து. அதுவரை பத்திரமாக இருந்த எண்கள் அந்த நொடியில்தான் அழிகின்றன.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட சின்னம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'இந்த எண் எனக்குப் புரியவில்லை' என்று கம்ப்யூட்டர் கைவிரித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சேவ் செய்தால், வேறு வேறு எண்களாக இருந்தவை எல்லாம் ஒரே கேள்விக்குறி ஆகிவிடும். எது மூலை, எது கோடு, எது எழுத்து என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். அசலைத் தொடவே கூடாது. பிறகு, எந்த அட்டவணையில் படிக்க வேண்டும் என்று கேட்கும் மென்பொருளில் பிரதியைத் திறக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் அந்த வசதி உண்டு. டாஸ் காலத்து ஆங்கில ஃபைல் என்றால் முதலில் 437, சரிவரவில்லை என்றால் 850. பழைய தமிழ் ஃபைல் என்றால், அன்று எந்த ஃபான்டில் அடித்தது என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றலாம். எந்த ஃபான்ட் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஃபைலோடு சேர்த்து வைப்பதும் நல்லது. எண்கள் மட்டும் இருந்து அட்டவணை தொலைந்தால், சாவி தொலைந்த பெட்டி மாதிரிதான்.

மகளும் அதையே செய்தாள். பிரதி எடுத்தாள். 437 என்று தேர்ந்தெடுத்தாள். அடுத்த நொடி, புள்ளி வைத்த 'ஏ'க்கள் எல்லாம் கைகோத்துக் கோடாகின. தலைகீழ்க் கேள்விக்குறி மூலையாகத் திரும்பியது. குட்டி 3-கள் நிமிர்ந்து நின்று கட்டத்தின் சுவராகின.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். தேதி, பெயர், சரக்கு, தொகை. ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"பாரும்மா, எதிர்வீட்டு டீச்சர் பாக்கி. 450 ரூபாய்."

"450தானேப்பா? 4503 இல்லையே?"

"450தான்" என்றார் அப்பா. "அதையும் அவங்க அப்பவே கொடுத்துட்டாங்க. கீழே பாரு, வரவு வெச்சிருக்கேன்."